களத்து வெயிலில் கல்யாணப்பெண்

(உலக ஒளிப்பட நாளையொட்டிச் சேலத்தில் ஒளிப்படக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஆகஸ்ட் 19. 1839இல் இதே நாளில் பாரிஸில் டகேர் என்பவரின் ஒளிப்பட முறையை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார்கள். அதனால்தான் இந்த நாளுக்கு விழா. சேலத்துக்காரர்களுக்கு இந்த வாரத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. 22, 23ஆம் தேதி வாக்கில், பகல் 12.20ஐ ஒட்டி, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஒரு கம்பை நட்டால் நிழல் விழாது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் இதே கதைதான். சித்திரையிலும் ஆவணியிலும், அதாவது நம் பக்கம் மண்டபம் கிடைக்காமல் அல்லாடும் மாதங்களில், நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. அந்த நேரத்தில் பெண்ணை வெட்டவெளியில் நிறுத்துங்கள்: நெற்றி வெளுத்துப்போகும், கண்ணிரண்டும் குழிக்குள் போய்விடும், மூக்குத்தியின் நிழல் உதட்டில் விழும். எந்தக் கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சரி, மாலையில் எடுக்கலாம் என்பீர்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் மாலைப் பொன்வெயில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. லண்டனில் சூரியன் சறுக்கிக்கொண்டு சாய்வாக இறங்குகிறது. நமக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. அடிவானத்துக்கு மேல் ஆறு பாகையில் நிற்கும் சூரியன் மறைய அங்கே ஏறக்குறைய நாற்பது நிமிடம், இங்கே இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று போன் பேசி முடித்துவிடுவார். பெண்ணுக்குப் புடவை மடிப்பு கலைந்திருக்கும். ஆக, வெளியே போய்ப் படமெடுப்பது என்று முடிவு செய்தவுடனேயே நம் ஊர் வானத்தோடு ஒரு பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வழக்கத்துக்கு மாறான வெளியிடங்களில் கல்யாணப் படம் எடுப்பது. இதில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நாம் லொகேஷன் என்று சொல்லும் எந்த இடமும் காலியாகக் கிடக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது, யாருக்கோ உரிமை இருக்கிறது, சில இடங்களில் செத்தவர்களின் நினைவு இருக்கிறது. இதையெல்லாம் துடைத்துவிட்டு இடத்தை வெறும் பின்னணியாக ஆக்கினால், ஸ்டுடியோவில் தொங்கிய பழைய சீலையைத்தான் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறோம் என்று பொருள்.

அந்தச் சீலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் தாத்தா பாட்டி காலத்தில் கல்யாணப் படம் தாலி கட்டிய பந்தலில் எடுத்தது அபூர்வம். மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்தபின் ஒரு நல்ல நாள் பார்த்து டவுனுக்கு வந்து ஸ்டுடியோ ஏறினார்கள். மாப்பிள்ளை நாற்காலியில், பக்கத்தில் பெண் நின்றபடி. பின்னால் துணியில் எழுதிய மாளிகைத் தூண், படிக்கட்டு, ஏரி. பூத்தைத்த ஜடையைக் காட்ட ஆளுயரக் கண்ணாடி. இந்த ஜடைப் படத்தை இன்றைய பிள்ளைகள் பழைய பாணி என்று சிரிக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் தெரியும். முகமும் பின்னலும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டும். எடுப்பவர் கண்ணாடியில் தெரியக் கூடாது. கண்ணாடிக்குள் தெரியும் முகம் கண்ணாடியின் பரப்பில் இல்லை, பெண் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாளோ அதே அளவு தூரத்தில் அதற்கும் அப்பால் இருப்பதாகத்தான் லென்ஸ் கணக்குப் போடும். துளையைச் சுருக்கி விளக்கை ஏற்றினால் ஒழிய ஜடையோ முகமோ ஒன்று மங்கிவிடும். அந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு, பிலிமில் ஒரே சொடுக்கில் எடுத்தவர்கள் இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்படியெடுத்து வைத்திருக்கிறது. இதில் நாட்டமுள்ளவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஸ்டுடியோ என்றால் சேலத்துக்கு வேறு பெருமையும் உண்டு. ஏற்காடு சாலையில் இன்று ஒரு வளைவு மட்டும் நிற்கிறதே, அதற்குள்ளேதான் டி.ஆர்.சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் வந்தது அவர் நிறுவனத்திலிருந்துதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956, அதுவும் இங்கேதான். பாக்தாத் நகரத்தையே மதில் சுவருக்குள் கட்டி எழுப்பிய ஊர் இது. வெயிலை நம்பாமல் விளக்கை நம்பிய காலம். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்து தமிழ் சினிமாவைக் கிராமத்துப் புழுதிக்குக் கூட்டிப்போனது. கல்யாண ஆல்பம் வெளியே வர மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. காரணம் ரசனை மாறியது மட்டும் இல்லை. பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆன செலவு. சொடுக்குக்குச் சொடுக்குக் காசு போன நாளில் யார் ஏரிக்கரைக்குப் போய் அலைவார்கள்? டிஜிட்டல் வந்து கைக்கு மலிவானபின், 2010ஐ ஒட்டி, கேண்டிட் என்றும் ப்ரீ வெட்டிங் என்றும் அவுட்டோர் என்றும் தொழிலே வேறு முகம் கொண்டது.

வெளியே வந்தோம். வந்து எங்கே போனோம்? நுழைவுக் கட்டணம் வாங்கும் ஷூட்டிங் தோட்டத்துக்கு. அங்கே ஒரு பொய்ப் புகைவண்டி, ஓர் ஊஞ்சல், ஒரு நீல வாசல் கதவு, சிமெண்டுக் குதிரை. திருச்சிப் பெண்ணும் தர்மபுரிப் பெண்ணும் நம் ராசிபுரத்துப் பெண்ணும் அதே நீலக் கதவில் சாய்ந்து அதே பக்கம் பார்க்கிறார்கள். அந்தத் தோட்டக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கழிவறை கட்டி வைத்திருக்கிறார், அதற்கே அவருக்குக் கும்பிடு போடலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் சுற்றிலும் இப்படியொரு பூமி விரிந்து கிடக்கும்போது சிமெண்டுக் குதிரை எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

நம் பூமியில் என்ன இருக்கிறது? குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இருக்கிறது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம் பக்கம் தை, மாசியில் போனால் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்களில் அரவை மும்முரமாக நடக்கும். கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை வெட்டி எடுத்துச் சிமெண்டுக் களத்தில் பரப்புகிறார்கள். கிழங்குச் சக்கையான திப்பி தனியாகக் காய்கிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாகவும் வியாபாரிகள் வழியாகவும் இந்த ஜவ்வரிசி வடநாட்டு விரதச் சமையலறை வரை போகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த செய்திதான். ஒளிப்படக்காரனுக்கு இதில் என்ன என்றால், அந்தக் களம். ஏக்கர் கணக்கில் வெள்ளை. நாம் முகத்துக்குக் கீழே தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறோமே, அதை ஊரகலத்துக்கு விரித்துப் போட்டதுபோல் இருக்கும். உச்சி வெயில் கண்ணைக் குழியாக்கும் என்றேனே, இந்தக் களத்தில் அப்படி ஆகாது. கீழேயிருந்து ஒளி ஏறிவந்து கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் நிரப்பிவிடும். நம் நிலத்தில் பகல் பத்து மணிக்கு மேல் துணிந்து படமெடுக்கக்கூடிய ஒரே திறந்தவெளி இதுதான் என்பது என் எண்ணம். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கத்து மேக்னசைட் மேடுகளும் வெள்ளைதான். ஆனால் அது சுரங்கப்பகுதி. அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

ஒன்று ஞாபகம் வேண்டும். கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுச்சாம்பல் நிறம்தான். வெள்ளைக் களத்தைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். பெண்ணின் முகம் கருத்துவிடும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஏற்றி எடுக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்கப் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். பல ஆண்டுகள் அந்தத் தோலுக்குத்தான் நிறம் பொருத்தினார்கள். கருத்த தோல் படத்தில் மண்ணாக விழுந்தது. இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. ஆனால் அட்டையில் இருந்த அந்தப் பெண் நம் மனசுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். களத்தில் அவ்வளவு நல்ல வெளிச்சத்தில், மாநிறமும் கருப்புமாய் மின்னும் முகத்தை எடுத்துக்கொண்டு வந்து, கணினியில் உட்கார்ந்து மூன்று சுற்று வெளுக்கிறோம். பெண்ணின் அம்மா கேட்டார்கள் என்போம். கேட்பார்கள்தான். வெளுக்காத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நான் காட்டியவர்களில் பலர் வெளுக்காததைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் களத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெண் மில் முதலாளியின் மகள் இல்லை. அங்கே பாய்லர் பார்த்தவரின் மகள். பள்ளி விடுமுறையெல்லாம் அந்தக் களத்தில் ஓடிக் கழித்தவள். அவளேதான் கேட்டாள், “அண்ணா, மில்லுல எடுக்கலாமா?” முதலாளியிடம் போய்க் கேட்டோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தின்னும் பொருள், செருப்போடு யாரும் களத்தில் ஏறக் கூடாது. முகூர்த்தம் முடிந்து வந்தபோது மணி பத்தரை. அரக்குப் பட்டோடு வெறுங்காலில் இறங்கியவள் நாலடி வைத்ததும் துள்ளினாள். சிமெண்டு அப்படிக் காய்ந்திருந்தது. பலகையால் மாவை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, “கால மாத்தி மாத்தி வை கண்ணு, நாங்க அப்படித்தான் நிக்கிறோம்” என்றார். என் உதவியாளன் அந்த அம்மாவையும் மற்றவர்களையும் படச்சட்டத்துக்கு வெளியே ஒதுங்கச் சொல்லக் கையைத் தூக்கினான். பெண் தடுத்துவிட்டாள். “அவங்க இல்லாம இது எந்த ஊர்ண்ணா?” அந்த ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் எட்டுப் பெண்கள், நடுவில் அவள், எல்லாரும் ஒரு காலைத் தூக்கியபடி சிரிக்கிறார்கள். பட்டின் ஜரிகையில் மாவு. ஈரமாவு பட்டால் ஒட்டிக்கொள்ளும், ஜரிகைக்குள் ஏறினால் போகாது. காய்ந்த மாவு உதறினால் போய்விடும். இது தெரியாமல் ஈரக்களத்தின் ஓரத்தில் பெண்ணை உட்கார வைத்துவிடாதீர்கள்.

அந்த இடத்தின்மேல் அவளுக்கு உரிமை இருந்தது. அதுதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது. திருச்செங்கோட்டுப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் போர்வெல் ரிக் வண்டி முன்னால் நின்றுதான் எடுக்க வேண்டும் என்றார். மாமனார், “லாரி முன்னாடி எதுக்குங்க மாப்ள, ஏற்காட்டுல பூந்தோட்டம் இருக்குதுல்ல” என்று இழுத்தார். மாப்பிள்ளை மத்தியப் பிரதேசத்தில் ஆறு வருஷம் போர் போட்டுச் சம்பாதித்த காசில்தான் இந்தக் கல்யாணமே நடக்கிறது. அவருக்கு அந்த வண்டி அலங்காரம் இல்லை. எங்கே கை வைத்தால் சுடும், எங்கே நின்றால் பட்டில் கிரீஸ் படாது என்று அவரே பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைத்தான் எடுத்தேன். போஸ் கொடுத்தது ஒன்றும் தேறவில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைகளும் அப்படித்தான். பெயிண்டர் சைடு பலகையில் கோடு இழுக்கும் கைக்கு ஈடாக எந்த அலங்கார வளைவும் இல்லை. கோழிப்பண்ணையை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே வரும் வண்டி டயருக்கே மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அந்நிய ஆளும் பிளாஷும் கண்டால் கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் குவிந்து ஒன்றையொன்று மிதித்துச் சாகும். முட்டைக்காரரின் ஒரு நாள் வருமானத்தைவிட உங்கள் ரீல்ஸ் பெரிதில்லை.

இப்போது மேட்டூர் அணை. இந்த வட்டாரத்தில் ஒளிப்படக்காரர்களை அதிகம் இழுக்கும் இடம் பண்ணவாடி. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணைக்காக ஊர்களைக் காலி செய்தார்கள். ஊர் போனது, கோயில்கள் நின்றன. நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் மேலே வருகின்றன. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரை, நடுவில் பெரிய நந்தி, பின்னால் மலை. அங்கே ஒரு பெண்ணைச் சிவப்புப் பட்டில் நிறுத்தினால் யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். அதுதான் ஆபத்து, இடமே எல்லாவற்றையும் செய்துவிடும். அந்த இடத்தை நம்பவும் முடியாது: 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம், கர்நாடகத்தில் மழை கொட்டியதும் அந்த மாதக் கடைசியில் முழு அளவான 120 அடியைத் தொட்டது. ஒரு மாதத்துக்குள் லொகேஷனே தண்ணீருக்கடியில் போய்விட்டது. ஆடிக்கு முன்னால் முன்பணம் வாங்கி ஆவணிக்கு நந்தி என்று வாக்குக் கொடுத்தவர்கள் விழித்த விழி எனக்குத் தெரியும்.

அது போகட்டும். நந்தி வெளியே வந்ததும் முதலில் வருவது நாம் இல்லை. சுற்று ஊர்க்காரர்கள் வந்து விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். அந்தக் கோயில் இருந்த ஊரிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் கொளத்தூர்ப் பக்கம் இருக்கிறார்கள். நீர் வற்றிய நிலத்தில் எள்ளும் சோளமும் விதைத்திருப்பார்கள். நாலு கார் போட்டு மிதித்துவிட்டுப் போக அது மைதானம் இல்லை. நந்திமேல் ஏறி உட்கார்ந்து எடுத்த படமொன்றைப் பார்த்தேன். எடுத்தவர் இந்த அவையில் இருந்தால், அதை அவர் எடுத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்றபடி அந்த இடத்துக்கே போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குக் குலதெய்வம் கோயில் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நாம். மூழ்கிய ஊரின் வாரிசாக ஒரு பெண் அங்கே வந்து நின்றால் அதைவிடப் பொருத்தமான பின்னணி உலகத்தில் கிடையாது.

தண்ணீரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லாஸ் வேகாஸில் ஜான் மைக்கேல் கூப்பர் என்ற ஒளிப்படக்காரர் 2000ஐ ஒட்டி ஒரு பாணியைத் தொடங்கிவைத்தார்: கல்யாணம் முடிந்த வெள்ளை கவுனைச் சேற்றிலும் கடலிலும் பாழாக்கி எடுப்பது. அது உலகம் சுற்றியது. 2012 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு மணப்பெண் அப்படி ஆற்றில் இறங்கி, நனைந்த கவுனின் பாரம் இழுத்து, மூழ்கிச் செத்தார். நம் பக்கம் முகூர்த்தப் பட்டைப் பாழாக்க யாரும் ஒப்ப மாட்டார்கள், அது நல்லதாகப் போயிற்று. ஆனால் பட்டுப்புடவை ஆறு கெஜமும் நனைந்தால் அதுவும் பாரம்தான். 2019 அக்டோபரில் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையில் செல்பி எடுக்கக் கைகோத்து நின்ற ஒரே குடும்பத்தார் நால்வர் போனார்கள். அதில் ஒருவர் புதுமணப்பெண். 2020 நவம்பரில் மைசூர் மாவட்டம் தலக்காட்டுப் பக்கம், இதே காவிரியில், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் பரிசலில் படமெடுக்கப் போன ஜோடி, பரிசல் நிலைதடுமாறிக் கவிழ்ந்ததில் இறந்தது. பரிசல் உட்கார்ந்து போகும் வண்டி. அதில் எழுந்து நிற்கச் சொல்லும் ஒளிப்படக்காரன் தொழிலை விட்டுவிடலாம். கல்குவாரிக் குட்டைகளும் அப்படியே. பச்சைத் தண்ணீர் படத்தில் அழகு. கரையிலிருந்து ஓரடியில் முப்பதடி ஆழம் இருக்கும்.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்க உங்களுக்கும் பிடிக்காது. தண்டவாளத்தில் நிறுத்தி எடுப்பது ரயில்வே சட்டம் 1989, 147ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. சங்ககிரிக் கோட்டையும் நாமக்கல் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ஸ்டாண்டு, விளக்கு, குழு என்று போவதற்கு முன்னனுமதி வேண்டும். சங்ககிரியில் தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்டார்கள். அவர் நினைவாக ஆடிப் பெருக்கன்று அங்கே மாலை போடுகிறார்கள். அதே கோட்டைச் சுவரில் சாய்ந்து கன்னத்தோடு கன்னம் வைத்து எடுக்கிறோம். தப்பென்று சொல்லவில்லை. எங்கே சாய்கிறோம் என்று தெரிந்து சாய வேண்டும். கோயிலுக்குள் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயில் அலுவலகத்தில் எழுதிக் கேட்காமல் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாற்பத்துநாலாம் நெடுஞ்சாலையின் நடுவே அரளிப்பூ பூத்திருக்கிறதே என்று வண்டியை ஓரங்கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அங்கே போகும் லாரிகளே சொல்லிக்கொடுக்கும்.

திருச்செங்கோடு மலைக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் நிற்கும் அர்த்தநாரீசுவரர் அங்கே மூலவர். புதுஜோடிக்கு இதைவிடப் பொருத்தமான தலம் உண்டா? ஆயிரத்து இருநூறு படிக்கு மேல். காலை வெயில் படிகளில் குறுக்கே விழும்போது நானும் அங்கே ஜோடிகளை எடுத்திருக்கிறேன். நிச்சயம் மட்டும் முடிந்த பிள்ளைகள். கீழே வேனில் பெண்ணின் அம்மாயி முறுக்கோடு காத்திருப்பார். நம் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு முன் இருவரும் தனியாக நாலு வார்த்தை பேசக் கிடைக்கும் வாய்ப்பே இந்தப் ப்ரீ வெட்டிங்தான். படம் ஒரு சாக்கு. இந்த வழக்கத்தைத் திட்டுகிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதே மலைக்கோயிலில் 2015 ஜூன் 23 அன்று, உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் வேறு சாதி. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது. அந்த வழக்கில் கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவு முக்கியமான சான்று. ஒரே மலை, ஒரே படி. சாதியும் ஜாதகமும் பொருந்திய ஜோடிக்கு அங்கே ட்ரோன் வைத்துப் படம்; பொருந்தாத இருவர் உட்கார்ந்து பேசினாலே அந்தக் கதி. வெளியிடம் யாருக்கு வெளி என்ற கேள்வி கல்யாணப் படக்காரனுக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது நினைத்தால், நம் ஆல்பங்களை ஒருமுறை சாதி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கலப்பு மணம் செய்தவர்களின் அவுட்டோர் ஆல்பம் எத்தனை தேறும்? அவர்கள் வந்து கேட்கும்போது, இடம் எதுவானாலும், கூட ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு எடுத்துக் கொடுங்கள். படத்தை அவர்கள் கேட்காமல் எங்கும் பதிவேற்றாதீர்கள்.

கடைசியாக, கழிவறை. சிரிக்காதீர்கள். கல்யாணப்பெண் விடியற்காலை இரண்டு மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்கிறாள். கொங்கு முறைக் கல்யாணம் என்றால் அருமைக்காரர் செய்யும் சீர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டே இருக்கும். தாலி ஏறியபின்தான் அவளுக்கு இட்லி. அதற்கும் முன்னால் நாம் போய், “வெளிச்சம் போயிடுங்க, சீக்கிரம் வாங்க” என்று நிற்கிறோம். பட்டு, நகை, மாலை, தலையில் இரண்டு கிலோ பூ. பொட்டல்காட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் நிறுத்துகிறோம். ஒதுங்க இடமில்லை என்று தெரிந்துதான் காலையிலிருந்து பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. மயக்கம் போட்டு விழுந்தால் வெயில் என்கிறோம். இடம் பார்க்கப் போகும்போது நான் முதலில் விசாரிப்பது வெளிச்சத்தை இல்லை. பக்கத்தில் கதவுள்ள வீடு எது, அந்த வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, அரைமணி நேரம் இந்தப் பெண் வந்து உட்காரலாமா என்று கேட்கிறேன். இதுவரை சேலம், நாமக்கல் என்ற இந்த இரண்டு மாவட்டத்திலும் எந்த வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. மோர் கொடுத்திருக்கிறார்கள், தாம்பூலம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு வீட்டில் பெண்ணுக்குத் திருஷ்டி கழித்து அனுப்பினார்கள். நல்ல படங்கள் சில அந்தத் திண்ணைகளில் கிடைத்தவை. போட்ட திட்டத்தில் அந்த இடமே இருக்காது.

இந்த விசாரிப்புக்கு ஆகும் ஒரு நாளையும், மில்லுக்கும் வயலுக்கும் கொடுக்க வேண்டிய கூலியையும், அங்கே நின்றவர்களுக்குக் கொடுக்கும் பிரிண்டுகளையும் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். இனாமாகச் செய்தால் அடுத்தவன் செய்ய மாட்டான். முதலில் முகம் சுளிப்பார்கள். மண்டபத்தில் பூ ஜோடனைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.

ட்ரோன் பற்றிக் கேட்க நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. அடுத்துப் பேசப்போகிற தம்பி, காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று 2021ஆம் ஆண்டு விதிகளையும் வரைபடத்தையும் கொண்டுவந்திருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கிறேன்.